படிக்கட்டுக்கு அடியில் ஒரு கும்பினி

பன்னிரண்டாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறி, வரலாற்றில் மட்டும் பெயிலானவள் நான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கணக்குப்பதிவியலில் பெயிலாகலாம், இங்கிலீஷில் பெயிலாகலாம், கதை மாதிரி இருக்கிற வரலாற்றில் போய் எப்படி என்று கேட்பார்கள். கதை மாதிரி இருந்ததுதான் வினை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. 'வியாபாரம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கும்பினி ஆளும் அதிகாரத்தை எவ்வாறு பெற்றது? விவரி' என்று கேட்டிருந்தார்கள். விவரி என்றால் விவரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? நான் நவாப்பைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். ஒரு மனுஷனுக்கு இவ்வளவுமா புத்தி இல்லாமல் போகும், நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவானா என்று மூன்று பக்கம் எழுதி முடித்து நிமிர்ந்தபோது பேப்பரை வாங்க வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு திருப்பூர் வந்து, முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரங்களை இணைத்துத் தைக்கிற ஓவர்லாக் டெய்லராக உட்கார்ந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் திருப்பூரில் வேலை தேடி யாரும் அலையவேண்டியதில்லை, வேலைதான் ஆளைத் தேடி அலைந்தது. வாசலுக்கு வாசல் 'டெய்லர் தேவை' அட்டை தொங்கும். எங்கள் கம்பெனி சின்னதுதான். கீழே கட்டிங், மேலே தையல், மெஷின் மட்டும் அறுபது. பவர் டேபிள் என்கிற நீள மேசையின் இரண்டு பக்கமும் மெஷின்கள். எனக்கு நேர் எதிரே, மடிப்புத் தைக்கிற பேட்லாக் மெஷினில் அவினாசிபாளையத்துக்காரி ஒருத்தி. விவசாயக் குடும்பத்துப் பெண், தினமும் பஸ்ஸில் வருவாள். அவளும் நானும் பேசாத பேச்சில்லை, சிரிக்காத சிரிப்பில்லை. அந்த வயதில் அறுபது மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியதில்தான் எனக்கு இன்றைக்கும் இந்தத் தொண்டை.

என் ஆசை ஒன்றே ஒன்று. அந்த ஒரு பேப்பரைப் பாஸ் பண்ணிவிட்டால் அஞ்சல் வழியில் பி.ஏ. சேரலாம், வரலாறே எடுக்கலாம், பிறகு டீச்சர் ஆகலாம். இரண்டு தடவை ஹால் டிக்கெட் வாங்கினேன். இரண்டு தடவையும் பரீட்சை வாரத்தில், கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது தடவையாக செப்டம்பருக்குப் பணம் கட்டியபோது டுடோரியல்காரர், "அடுத்த வருசம் புக்கே மாறுதும்மா, இதுதான் கடைசி" என்றார். அப்பாவும், "இதோட விட்டுரு தாயி" என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் திருப்பூரில் அந்தப் பள்ளிக்கூடத்து ஹாலில் இருந்தாகவேண்டும். உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி.

தலைகீழாகப் புரண்டது உலகமல்ல, எங்கள் டீக்கடை.

அண்ணாச்சி எங்கள் பக்கத்து ஆள். திருநெல்வேலிக்காரர். ரோட்டு முக்கில் தள்ளுவண்டியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். இஞ்சியைத் தட்டிப் போட்டு அவர் ஆற்றிக் கொடுக்கிற டீக்கு ஈடு இணை கிடையாது, அதை இப்போதும் சத்தியம் செய்து சொல்வேன். டீ டைம் கால் மணி நேரம். நாங்கள் முக்கு வரைக்கும் நடந்து, குடித்து, பேசி, திரும்பி வர அரை மணியாகிவிடும். ஓனருக்கு வயிற்றெரிச்சல். தோட்டங்காடு வைத்திருந்து கம்பெனி போட்டவர், நல்ல மனுஷர், கோபமே வராது. ஒருநாள் அண்ணாச்சியே அவரிடம் வந்து நின்றார்.

"ஒரு ஸ்டவ்வு, ஒரு பெஞ்சு. அந்தப் படிக்கட்டுக்கு அடியில ஒரு ஓரம் குடுத்தா போதும் மொதலாளி. வேற எனக்கு என்ன வேணும்?"

"அட, இதுக்குப் போய் கேக்கோணுங்களா? வந்து வெச்சுக்குங்க" என்றார் ஓனர். எங்களுக்குக் கொண்டாட்டம். மாடிப்படியில் இறங்கினால் டீ. ஒரு வாரத்தில் வடை, அடுத்த வாரத்தில் போண்டா.

பிறகு ஒரு பூனை பாலைக் கவிழ்த்தது. படிக்கட்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்துக்கொள்ளலாமா என்று அண்ணாச்சி கேட்டார். நியாயம்தானே? அடித்துக்கொண்டார். வலை வந்தால் கதவு வேண்டும், கதவு வந்தால் பூட்டு வேண்டும். பூட்டு வந்தபிறகு அதற்குக் காவலாக அவருடைய மச்சினன் ஊரிலிருந்து வந்தான். நல்ல ஆஜானுபாகு. கேட் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். எங்கள் வாட்ச்மேன் சாப்பிடப் போகும்போது கேட்டைப் பார்த்துக்கொள்வான். வாட்ச்மேன் மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போனபோதும் அவனே பார்த்துக்கொண்டான். வாட்ச்மேன் திரும்பி வரவேயில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தது சண்டை. கீழே கட்டிங் மாஸ்டர், மங்கலத்துக்காரர். மேலே லைன் சூப்பர்வைசர் அக்கா. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். இப்போது யார் ஆளுக்கு முதலில் டீ என்று தகராறு வந்துவிட்டது. மாஸ்டர் கீழே இருப்பதால் அவர் ஆட்களுக்குச் சூடான வடை. மேலே இருந்து நாங்கள் இறங்கி வருவதற்குள் தட்டில் எண்ணெய்தான் இருக்கும். சூப்பர்வைசர் அக்கா அண்ணாச்சியிடம் தனியாகப் போய்ப் பேசினார். மாஸ்டரும் தனியாகப் போய்ப் பேசினார். அண்ணாச்சி இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "எதுக்கு வம்பு? டீ டைமுக்கு அடிக்க அந்த பெல்லை எங்கிட்ட குடுத்துருங்க. நான் பார்த்து அடிக்கேன்." இவருக்கு அவர் கையில் பெல் இருக்கக்கூடாது, அவருக்கு இவர் கையில் இருக்கக்கூடாது. ஆகவே இரண்டு பேரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். எலக்ட்ரீசியன் வந்து பெல் ஸ்விட்சைக் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து டீ கொதித்தால்தான் எங்களுக்கு மணி அடிக்கும்.

கடைசியாக கேட் பாஸ். வேலை நேரத்தில் வெளியே போகவேண்டுமானாலும், லீவு போடவேண்டுமானாலும் ஓனர் கையெழுத்துப் போட்ட பச்சைச் சீட்டு வேண்டும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஓனர் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்கவே முடியாது. ஒருநாள் படிக்கட்டுப் பக்கத்தில் இடது கையில் டீ கிளாஸோடு நின்று, சீட்டுக் கட்டான முழு பேடையும் எடுத்து வைத்துக்கொண்டு வெறும் சீட்டு ஒவ்வொன்றிலும் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார். பேடை அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"ஆருக்கு அவசரமோ அவிங்களுக்குப் பேரை எழுதிக் குடுத்துருங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. நானும் பக்கத்தில் போண்டாவைப் பிட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும். எனக்கு உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறாது, யாருக்காவது சொல்லவேண்டும். தைத்துக்கொண்டே எதிரே இருந்த அவினாசிபாளையத்துக்காரிக்குச் சொல்வேன்.

"கப்பல்ல வந்தவங்க நம்ம துணிக்காகத்தான் வந்தாங்க. துணி வாங்கி அனுப்பணும், வைக்கறதுக்கு ஒரு கிடங்கு வேணும், கடலோரத்துல கொஞ்சம் மணல் குடுத்தா போதும்னு கேட்டாங்க."

"துணி வாங்க வந்தவிங்களா? நம்ம பனியன் வாங்கற பையர் மாதர. சரி, அப்பறம் என்ன பண்ணுனாங்களாமா?"

"கிடங்குக்குத் திருட்டு பயம்னு சுத்திச் சுவர் கட்டினாங்க. சுவர் கோட்டையாச்சு. கோட்டைக்குக் காவலா சிப்பாயிங்க வந்தாங்க."

அவளுடைய மெஷின் நின்றது. "ம்."

"அப்போ நவாப் பட்டத்துக்கு ரெண்டு பேருக்குள்ள சண்டை. ஆளாளுக்குப் போய் கும்பினிகிட்ட உதவி கேட்டாங்க. கும்பினி சிப்பாயை அனுப்புச்சு. செயிச்சவரு நன்றிக்கடனா அதைக் குடுத்தாரு, இதைக் குடுத்தாரு. கடைசியில வரி வசூல் பண்ற உரிமையவே எழுதிக் குடுத்துட்டாரு. வடக்கே பாதுஷாவும் அதேதான் பண்ணாரு. பட்டம் இவங்களுக்கு, அதிகாரம் அவங்களுக்கு. சண்டை போட்டுப் பிடிச்சது பாதி, இப்படி எழுதி வாங்கினது பாதி."

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஏம்புள்ள, இது நம்ம அண்ணாச்சி கதையல்லோ?"

நான் அப்படியே வாயைப் பிளந்துவிட்டேன். மணல் ஓரம், படிக்கட்டு ஓரம். சுவர், வலை. சிப்பாய், மச்சினன். வருடக்கணக்காக எனக்குள் ஏறாத பாடம் ஒரு நொடியில் ஏறிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்காரர்கள் என்ன என்ன என்று கேட்க, விஷயம் லைனில் கடைசி வரைக்கும் போய்விட்டது. அன்று சாயந்திரமே அண்ணாச்சிக்கு 'கவர்னர்' என்று பெயர் விழுந்தது. மச்சினனைப் பார்த்து ஒருத்தி சல்யூட் அடித்தாள். அவன் மரியாதையாகத் திரும்ப சல்யூட் அடித்தான், பாவம்.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய், வியாழக்கிழமைக்கு ஒரு பாஸ் வேண்டும் என்று கேட்டேன்.

"எந்த வியாழக்கிழமை? ஷிப்மெண்ட் வியாழக்கிழமையா? அதெல்லாம் முடியாதுளா. நீ எந்திச்சுப் போனா ஒனக்குப் பின்னால எட்டுப் பேருக்கு வேலை நிக்கும். மொதலாளி என்னை நம்பிலா பேடைக் குடுத்திருக்காரு."

"பரீட்சை அண்ணாச்சி."

"படிச்சு என்ன கலெக்டர் ஆவப் போறியா? பாப்போம், போ."

அந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ ஆற்றுகிற மனுஷன் என் தலையெழுத்தை ஆற்றிக்கொண்டிருக்கிறார். ஓனரிடம் போகலாம் என்றால் அவர் எந்தப் பட்டறையில் நிற்கிறாரோ. அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டேன். என் கோபம் எனக்கு ஒரே ஒருமுறை உபயோகப்பட்டது என்றால் அது அன்றைக்குத்தான்.

"வியாபாரின்னா அவங்களுக்கு உயிரே வியாபாரம்தான். நாளையிலேருந்து ஒருத்தரும் அவர்கிட்ட டீ குடிக்காதீங்க" என்றேன்.

கட்டிங் மாஸ்டரும் சூப்பர்வைசர் அக்காவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

முதல் நாள் பத்தே முக்காலுக்கு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் தைத்தோம். சந்தேகப்பட்டு மச்சினன் மேலே வந்து பெல் வேலை செய்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அன்று சாயந்திரம் துணி ரோல்களுக்குப் பின்னால் கட்டிங் மாஸ்டர் கண்ணாடியில் ஆவி படிய உளுந்து வடையோடு பிடிபட்டார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க, வாசனை தாங்கலைங்க" என்று அவர் கெஞ்சியதைப் பார்த்து சூப்பர்வைசர் அக்காவே மன்னித்துவிட்டார். மறுநாள் அவினாசிபாளையத்துக்காரியின் அப்பா டி.வி.எஸ். வண்டியில் ஒரு கேன் நிறைய மோர் கொண்டுவந்து இறக்கினார். கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் போட்ட மோர். அதற்குப் பிறகு மாஸ்டரும் அசையவில்லை.

மூன்றாம் நாள் ஓனர் வந்தார். படிக்கட்டடியில் அண்ணாச்சி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஓனர் அதைக் கவனிக்கவேயில்லை, நேராக மேலே வந்து, தைத்து அடுக்கியிருந்த பீஸ்களைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"மூணு நாளா பீஸ் இப்புடி ஏறியிருக்குதே! ஆரும் டீக்கே எந்திரிக்கறதில்லையாமா? பேசாம இனி டீ டைமையே எடுத்துறலாமாட்ட இருக்குதுங்க!"

போச்சு. கும்பினியை விரட்டப் போய் டீயையே பறிகொடுக்கப் பார்த்தோம். மாஸ்டர் முகம் செத்துவிட்டது. நான் எழுந்து நின்றேன்.

"மொதலாளி, நவாப்பும் இப்படித்தான் சந்தோஷப்பட்டாரு."

"எந்த நவாப்புங் கண்ணு?"

சொன்னேன். கப்பல் வந்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். மணல், கிடங்கு, சுவர், சிப்பாய், இரண்டு பேர் சண்டை, வெறும் தாளில் கையெழுத்து. அறுபது மெஷினும் நின்றிருந்தது. ஓனர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகவாயில் கை வைத்துக் கேட்டார்.

"அப்ப நாந்தான் நவாப்புங்களா?"

"சேச்சே, இல்லீங்க" என்று கட்டிங் மாஸ்டர் அவசரமாகச் சொன்ன அந்த வேகத்தில் எல்லோருக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஓனரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கீழே போய் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் அடைசலாக நின்று எட்டிப் பார்த்தோம். அண்ணாச்சி வாதாடுவார், சண்டை வரும் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். அவர் பேடை எடுத்து ஓனர் கையில் வைத்தார்.

"எடுத்துக்கிடுங்க மொதலாளி, புண்ணியமாப் போவும். இது கைக்கு வந்த நாள்லேருந்து நிம்மதியா ஒரு டீ போடல நான். பாஸ் குடுத்தாலும் பகை, குடுக்கலன்னாலும் பகை."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓனர் பெல்லைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னார். பேடை என்ன செய்வது என்று யோசித்தார். ஷிப்மெண்ட் அவசரம் அவருக்கு அப்படியேதான் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தவர் கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ வெவரமான புள்ள. ஷிப்மெண்ட் முடியற வரைக்கும் நீயே வெச்சுக்க கண்ணு."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் முதல் சீட்டில் என் பெயரையே எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை, முழு நாள். அவ்வளவு சந்தோஷம்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லை. பேடு என் கையில் இருந்தது மூன்றே நாள். முதல் நாளே மச்சினனிடம் போய், "இனிமே ஆள் பார்த்து விடற கதையெல்லாம் வேண்டாம், சீட்டு இல்லாம ஒருத்தரும் வெளிய போகக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். நான் வரும்போது அவன் ஸ்டூலை விட்டு எழுந்து நிற்க ஆரம்பித்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அயர்ன் பண்ணுகிற அண்ணன் ஒருவர் பாஸ் கேட்டு வந்தார். "நேத்துதானே போனீங்க? பாப்போம்" என்றேன். எதிரே பேட்லாக் மெஷினிலிருந்து அவினாசிபாளையத்துக்காரி தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து தைத்தாள்.

புதன்கிழமை அவளே வந்தாள். "நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க புள்ள. மத்தியானம் பன்னண்டரைக்கு நான் கெளம்போணும். பாஸ் எழுதிக் குடுத்துரு."

"அதுக்கென்ன, எழுதித் தர்றேன். அவசரப்படாதே" என்றேன்.

அங்கேயே எழுதியிருக்கலாம். பேனா காதில்தான் இருந்தது. எழுதவில்லை. ஏன் என்று பிற்பாடு பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் வந்து கேட்கட்டுமே என்றுதான். சாயந்திரம் பரீட்சைப் பதற்றத்தில் எல்லாம் மறந்து, பேடையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாலில் உட்கார்ந்தேன். கேள்வித்தாளைத் திருப்பினால், அதே கேள்வி! கும்பினி ஆளும் அதிகாரத்தை எவ்வாறு பெற்றது. கத்தியே விட்டிருப்பேன். சின்னக் கேள்விகளை எல்லாம் முடித்துவிட்டு, அதை ஆசை ஆசையாக எடுத்துக்கொண்டேன். கிடங்கு, கோட்டை, சிப்பாய். பேனா மழை மாதிரி ஓடியது. 'நவாப் தம் அதிகாரத்தைப் பிறர் கையில் ஒப்படைத்தார். அதன்பின் மக்கள் தம் சொந்தக் காரியங்களுக்கும் அந்தக் கையையே எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று' என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது.

பேடு. ஹாலுக்கு வெளியே சுவரோரம் கிடக்கிற என் பையில் அல்லவா இருக்கிறது.

மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்கு அவள் கேட்டில் நிற்பாள். சீட்டு இல்லாமல் விடக்கூடாது என்று சொன்னதே நான்தான். ஓனர் துணியோடு தூத்துக்குடி போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருந்துவிட்டு, பெண் கம்பெனியில் மாட்டிக்கொண்டாள் என்று கேட்டுத் திரும்பிப் போவார்கள். இன்னும் இரண்டு பெரிய கேள்வி பாக்கி. எழுதின வரைக்கும் பாஸாகுமா ஆகாதா, நிச்சயமில்லை. இது கடைசித் தடவை வேறு.

கையில் எடுத்த விடையை நாலு வரியில் முடித்து, பேப்பரைக் கட்டிக் கொடுத்தேன். "இன்னும் நேரம் இருக்கேம்மா" என்றார் மேற்பார்வையாளர். "இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

வெளியே பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போனில் கம்பெனிக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அறுபது மெஷின் ஓடுகிற இடத்தில் யாருக்குக் கேட்கும்? பஸ்ஸில் ஏறினால் அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று கும்பிடு போட்டுக்கொண்டு போகிறது. நின்றுகொண்டே எல்லா சாமியையும் கூப்பிட்டேன், அண்ணாச்சியையும் திட்டினேன், என்னையும் திட்டினேன். முதலிபாளையம் பிரிவு ரோட்டில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டம். கேட்டை அடைந்தபோது மணி ஒன்று.

மச்சினன் வழக்கம்போல எழுந்து நின்றான். நான் மேலே ஓடினேன். பேட்லாக் மெஷின் காலி. உறை போட்டு மூடியிருந்தது. கீழே ஓடி வந்தேன்.

"எங்க அவ?"

"அந்தப் புள்ள பன்னண்டரைக்கே போயிட்டாளே" என்றார் அண்ணாச்சி, டீயை ஆற்றிக்கொண்டே.

"யார் விட்டது?"

"நாந்தான் தொறந்துவிடச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு மச்சினன் வண்டியில கொண்டுபோய் ஏத்திவிட்டுட்டு வந்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கொடுக்கட்டும்னு முப்பது போண்டா சூடாப் போட்டுக் குடுத்தேன்."

"சீட்டு?"

"ஏளா, கல்யாணக் காரியத்துக்குப் போற புள்ளைக்குக் கேட்டைத் தொறக்கக் காயிதம் எதுக்கு? தாப்பாளைத் தூக்கினா அது தொறக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அண்ணாச்சி பயந்துபோய், "என்னளா, பரீட்சையைக் கோட்டை விட்டுட்டியா?" என்று கேட்டு, ஒரு டீயை என் கையில் திணித்தார். ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டுக் குடித்த அந்த டீ மாதிரி ஒரு டீயை நான் குடித்ததில்லை. பையிலிருந்து பேடை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, இது எனக்கு வேண்டாம் தாயி!"

"வடை மடிக்க அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் அவினாசிபாளையத்துக்காரி காதில் புதுக் கம்மல் ஆட வந்தாள். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டதாம், அவர்கள் வீட்டாருக்கு அதைவிடப் போண்டா பிடித்துவிட்டதாம். லட்டை என் வாயில் வைத்துவிட்டு, என் கன்னத்தைப் பிடித்து நன்றாகவே கிள்ளினாள்.

"ஒரு சீட்டுல என்ற பேரை எழுதறதுக்கு உன்ற கை அவ்வளவு வலிச்சுதா புள்ள?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் அவள் மெஷின் உறையைக் கழற்றி மடித்துக் கொடுத்தேன். ஓனர் தூத்துக்குடியிலிருந்து வந்தபோது வடை மடித்த பச்சைச் சீட்டில் தன் கையெழுத்தையே பார்த்துவிட்டு, யாருக்குப் போகவேண்டுமோ சூப்பர்வைசர் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

ரிசல்ட் வந்தது. இருநூறுக்கு எழுபது எடுத்தால் பாஸ். எழுபத்தொன்று எடுத்திருந்தேன். கம்பெனி முழுக்க அண்ணாச்சி அன்றைக்கு இலவச டீ கொடுத்தார். படிக்கட்டுக்கு அடியில் வலையைக் கழற்றியிருந்தார்கள். கட்டிங் மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்: "ஏனுங்க, இந்தத் தடவை நவாப்பை எத்தனை பக்கம் திட்டுனீங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். இந்தத் தடவை நவாப்பையும் திட்டவில்லை, கும்பினியையும் திட்டவில்லை. அந்தப் புதன்கிழமை அவினாசிபாளையத்துக்காரியின் பெயரை எழுதாமல் விட்டபோது இரண்டு பேருடைய பேனாவும் என் காதிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டேன், பிறகு எப்படித் திட்டுவது?